ஏழடிக்கு ஏழு நூல்

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: என் அக்கா மஞ்சுளா, அவள் கணவர் லோகேஷ் மாமா, மாமாவின் அப்பா முனிராஜப்பா, அம்மா ராஜம்மா, கொத்தனார் வெங்கடேசு, மனையடி பார்ப்பதற்காக மாலூரிலிருந்து வந்திருந்த பெரியவர், ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், பிறகு நான்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொருவர் என் அப்பா. உயிரோடுதான் இருந்தார். ஓசூரில், கம்பெனியில், முதல் ஷிப்டில் இருந்தார். அன்று நிறுத்தப்போகும் வாசக்காலைச் செய்தவர் அவர்தான்.

குந்தாரப்பள்ளியிலிருந்து உள்ளே பிரியும் மண்சாலையில் அக்காவின் மாமனார் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கடைக்கால் முடிந்து, தரைமட்டத்துக்கு மேல் ஒரு வரி செங்கல் வந்திருந்தது. தலைவாசலுக்கான சட்டத்தை நல்ல நேரம் பார்த்து நிறுத்திவிட்டால், அதை வைத்துச் சுவர் எழும்பும். அன்று சந்தை நாள். மாடு ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் புழுதி எழும்பி வந்து, ராஜம்மா பூசி வைத்திருந்த ஈர மஞ்சளின் மேல் படிந்தது. அவர் முந்தானையால் விசிறி விசிறி அதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வாசக்கால் செங்கல்களின் மேல் மல்லாந்து கிடந்தது. வேங்கை மரம். மஞ்சள் ஈரமாக இருக்கும்போது வேங்கையின் மேல் ஒரு நிறம் வரும். பழுத்த புளியம்பழத்தைப் பிளந்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம்.

பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. அதில் வேட்டி, துண்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு, மடித்த ஒரு கவர். முனிராஜப்பா அதைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"தம்பி, இது ஆசாரிக்கு. போவும்போது எடுத்துனு போயி குடுத்துடு."

நான் தலையாட்டினேன். ஆனால் தட்டைத் தொடவில்லை.

மண்ணில் புதைக்கிற வேலை

போன வாரம் இந்தத் தொடரில் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று இத்தனை வாரமாக நீங்கள் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருந்தார்.

தச்சு வேலை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் கதவு, ஜன்னல், கட்டில் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்பா சண்முகம் என் நினைவு தெரிந்து ஒரு கட்டில் செய்ததில்லை. எங்கள் வீட்டில் அவர் செய்த முக்காலிகூடக் கிடையாது.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்தவர் அவர். இரும்பு வார்க்கும் கம்பெனியில், வார்ப்புக்கு முன்மாதிரி செய்யும் பிரிவில் சேர்ந்தார். பேட்டர்ன் ஷாப் என்பார்கள். ஒரு மோட்டார் கூடு வேண்டும், ஒரு பம்ப்பின் உடம்பு வேண்டும் என்றால், முதலில் அதே வடிவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தைக் கருமணலில் வைத்து இடித்து, பிறகு உருவினால் மணலில் ஒரு பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரத்தைச் சரியான அளவில் செய்தால் வார்ப்பு சின்னதாகப் போய்விடும். மரம் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கென்றே தனி ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். சுருக்க ஸ்கேல். பார்வைக்குச் சாதாரண இரும்பு ஸ்கேல்தான். ஆனால் அதில் ஒரு அடி என்று இருக்கும் இடம் உண்மையில் ஒரு அடி ஒரு நூல். நூல் என்பது தச்சர்களும் கொத்தனார்களும் சொல்லும் அளவு. ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அப்பாவின் மேசையில் இருந்தவை எல்லாம் அந்த ஸ்கேல்கள்தான். இருபது வருஷத்துக்கு மேல் அவர் கைக்கு அடி என்றால் அந்த அடிதான்.

"உங்கப்பா செய்யறதை எல்லாம் மண்ணுல பொதைச்சிட்டு வர்றாரு. சம்பளம் மட்டும் எப்படியோ வீடு வந்து சேருது" என்று அம்மா கேலி செய்வார். அப்பா சிரிப்பார். ஆனால் உண்மை அதுதான். அவர் இழைத்த மரம் மரமாக எங்கும் நின்றதில்லை. யாரும் பார்த்து, யார் செய்தது என்று கேட்டதில்லை.

இறங்காத நிறுத்தம்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். நான் படிப்பதற்காக அக்கா ஒன்பதாவதோடு நின்றாள். ஒயர் பின்னும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே, கம்பெனி பஸ்ஸில், லோகேஷ் மாமாவோடு பழக்கமாயிற்று. அவர்கள் நிலம் உள்ள குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். நாங்கள் தெற்கிலிருந்து பிழைக்க வந்த தச்சர் குடும்பம். சாதியும் வேறு. கல்யாணம் ஒரு மலைக்கோயிலில் நண்பர்களை வைத்து நடந்தது.

முனிராஜப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. என் அப்பாவும் போகவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், வீம்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. கொஞ்ச நாளில் அவர்கள் மகனையும் மருமகளையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் தட்டோடு வரவில்லை. சம்பந்தி வீட்டுக்கு முதல் முறை போவதென்றால், அங்கிருந்து ஒருவர் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்து வாய் திறந்து கூப்பிட வேண்டும். அந்த அழைப்பு வராமல் நாமாகப் போகக்கூடாது. அப்பா அப்படித்தான் இருந்தார். அம்மாவும்.

அம்மா கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தபோது நானும் கூடப் போவேன். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் இடம் தேடுவார். எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதும் அவருக்குக் கணக்கு. குருபரப்பள்ளி தாண்டியதும் முதுகு நிமிர்ந்துவிடும். குந்தாரப்பள்ளி நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது, உள்ளே போகும் அந்த மண்சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து அக்கா வீடு தெரியாது. ஒரு மாந்தோப்பும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும்.

"இறங்கிப் பாத்துட்டுப் போலாம்மா" என்று ஒரு நாள் சொன்னேன்.

"கூப்பிடாம எப்படிடா போறது? நாளைக்கு அவளைத்தான் ஒரு சொல் சொல்லுவாங்க."

பஸ் கிளம்பிவிட்டது. திரும்பி வரும்போதும் அதே பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

அம்மா இறந்தபோது முனிராஜப்பா வந்தார். சாவுக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. மாலை போட்டுவிட்டுத் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அளவுக் குச்சி

பிறகு ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. மாமனார் வீடு கட்டுகிறாராம். வாசக்காலை அப்பாவையே செய்யச் சொன்னாராம். உயரம் ஏழடி, அகலம் மூன்றரை அடி. மாலூர்க்காரர் கணித்துக் கொடுத்த அளவு. நூல் பிசகக் கூடாதாம்.

அப்பா கேட்டார்: "அழைச்சாரா, அளவு சொன்னாரா?"

"அளவுதாம்ப்பா சொன்னாரு."

"சரி. அளவுக்கு மரம் போகும்."

அவர் வருத்தமாகச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மரக்கடைக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள் இருந்தது வரிசை வீடு. எட்டு வாசல், ஒரே சந்து. அந்தச் சந்தில் வேங்கையைப் போட்டு ஞாயிறுதோறும் இழைத்தார். வேங்கைத் தூள் வியர்வையில் பட்டால் மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடிக்கும். திங்கட்கிழமை அந்தக் கையோடு கம்பெனிக்குப் போவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு ஒடிசாக்காரப் பையன்கள் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வாசலாகப் போகிற மரம் என்று தெரிந்துகொண்டு அவர்களாகவே செய்தார்கள்.

மேல்சட்டத்தின் நடுவில் ஒரு மாங்கொத்து செதுக்கினார். ஒரே ஒரு கொத்து. அதற்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. அவர் செய்த மரம் ஒன்று முதல் தடவையாக மரமாகவே நிற்கப் போகிறது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

டேப்பை அவர் நம்ப மாட்டார். "இழுத்தா ஒரு அளவு காட்டும், விட்டா ஒரு அளவு காட்டும்" என்பார். பெரிய வேலை என்றால் முதலில் ஒரு நீளக் குச்சியில் எல்லா அளவையும் கோடு போட்டுக்கொள்வார். உயரம், அகலம், துளை வரும் இடம் எல்லாம் அதில் இருக்கும். அதன் பிறகு ஸ்கேலே தேவையில்லை. குச்சியை மரத்தின் மேல் வைத்துக் கோடு இழுக்க வேண்டியதுதான். பேட்டர்ன் ஷாப்பில் எல்லாருக்கும் இதே பழக்கம்தான்.

அந்தக் குச்சிக்கு அவர் கோடு போட்டது கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், தன் மேசையில் வைத்து.

"ஜாஸ்தி இதே"

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பால் ஊற்றிப் பள்ளம் தயாராக இருந்தது. தூக்கி நிறுத்த நான்கு பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாலூர்ப் பெரியவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். சம்பிரதாயத்துக்கு ஒரு தடவை அளப்பது. உயரத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"ஜாஸ்தி இதே" என்றார் கன்னடத்தில்.

வெங்கடேசு தன் டேப்பைக் கொண்டுவந்தான். ஏழு நூல் அதிகம். கிட்டத்தட்ட ஒரு அங்குலம். அகலத்தில் மூன்றரை நூல் அதிகம்.

சாலையில் ஒரு மாடு மட்டும் கத்திக்கொண்டு போயிற்று.

"நூல் பிசகக் கூடாதுன்னு தானே சொல்லி அனுப்பிச்சன்" என்றார் முனிராஜப்பா. "ஆசாரி வூட்ல சம்பந்தம் பண்ணி, கடைசில ஆசாரி வேலையே ஒழுங்கா வரலயே!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். லோகேஷ் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். அந்த ஊரில் அவள் இத்தனை நாள் காத்துவந்த ஒன்றை நான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து உடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"விடுங்கப்பா, கீழ்ச்சட்டத்தை அடியில கொஞ்சம் அறுத்துடலாம்" என்றான் வெங்கடேசு.

"அகலத்துக்கு இன்னா பண்ணுவ?" என்றார் முனிராஜப்பா.

அகலத்தைக் குறைப்பதென்றால் நான்கு மூலை மூட்டுகளையும் கழற்ற வேண்டும். மாலூர்ப் பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். மஞ்சள் பூசிய வாசக்காலில், செய்தவர் தவிர வேறு யாரும் ரம்பம் உளி வைக்கக் கூடாது என்றார். அப்படி வைத்தால் அதை வாசலாக நிறுத்தக் கூடாதாம். ஆடி பிறப்பதற்குள் இன்னும் ஒரே ஒரு நல்ல நேரம்தான் இருந்தது. நாளை மறுநாள் காலை. விட்டால் வேலை ஒரு மாதம் நிற்கும்.

"அப்ப ஆசாரிக்குப் போன் போடுரா" என்றார் முனிராஜப்பா என்னிடம்.

போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வார்ப்பு நடக்கும் இடத்துக்குள் போனை விட மாட்டார்கள். கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

"போன்ல கிடைச்சாலும் வரமாட்டாரு" என்றாள் அக்கா.

அதுவரை வாயே திறக்காதவள். எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏன் வரமாட்டாராம்? இம்மாம் தப்பு பண்ணிட்டு..." என்றார் முனிராஜப்பா.

"தப்பைச் சரிபண்ண ஆசாரியா வருவாரு மாமா. வந்து, ஓரமா நின்னு சரிபண்ணிக் குடுத்துட்டுப் போயிடுவாரு. நிறுத்தும்போது இருக்க மாட்டாரு. யாரு அவரைக் கூப்பிட்டாங்க? எங்கம்மாவ யாரு கூப்பிட்டாங்க?"

ராஜம்மா மருமகளின் தோளைப் பிடித்தார். வாயை மூடு என்பதற்காகவா, ஆறுதலுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. கணவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

முனிராஜப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். நான் வாசக்காலைக் கொண்டுவந்த குட்டியானை வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. போய் அதில் ஏறிக்கொண்டார்.

"வா தம்பி. கம்பெனி எங்கன்னு காட்டு."

வண்டியில்

டிரைவர், நடுவில் நான், கதவோரம் அவர். அவரை என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. ஐயா என்றுதான் சொல்வேன்.

வண்டி மண்சாலையில் போகும்போதே கேட்டார்: "உங்கப்பாரு கம்பெனில இன்னாதான் வேலை பண்றாரு? கதவா, டேபுளா?"

சொன்னேன். மணல், பள்ளம், இரும்பு, சுருக்க ஸ்கேல் எல்லாம் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எங்க டிராக்டர்லகூட அவரு வேலை இருக்குமா?"

"இருக்கலாங்கய்யா. யாருக்கும் தெரியாது."

குந்தாரப்பள்ளி நிறுத்தம் வந்தது. முன்னால் ஒரு டவுன்பஸ் ஆள் இறக்கிக்கொண்டிருந்ததால் வண்டி நின்றது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாதாட வேண்டும் என்று நினைக்கவில்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இந்த ஸ்டாப்ல ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. உங்க ஊருக்குப் போற ரோட்டை."

"இறங்கலயா?"

"இல்லைங்கய்யா."

சூளகிரி தாண்டியதும் டிரைவர் பாட்டுப் போட்டான். முனிராஜப்பாவே கையை நீட்டி அதை நிறுத்தினார்.

கம்பெனி கேட்

ஷிப்டு முடியும் வரை வேப்பமரத்தடியில் நின்றோம். கம்பெனி பஸ்கள் வரிசையாக இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தன. கேட் திறந்ததும் நீலச் சட்டைகள் ஒரே மொத்தமாக வெளியே வந்தன. அப்பா டிபன் பையோடு வந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். நடை நின்றுவிட்டது.

"மஞ்சுளாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லாருக்கா."

"பெறகு?"

"வாசக்கால் அளவு ஒத்து வரலீங்க" என்றார் முனிராஜப்பா. காலையில் இருந்த குரல் இல்லை. "நிறுத்தல."

"என் அளவா? ஒத்து வரலையா?"

"ஒசரம் ஏழு நூல் ஜாஸ்தி. அகலம் மூணரை நூல்."

அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. ஏழடிக்கு ஏழு. மூன்றரைக்கு மூன்றரை.

"அடிக்கு ஒரு நூல்" என்றார் மெதுவாக.

நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டார். கூட வேலை செய்கிறவர் ஒருவர், "என்ன சம்முகம், பஸ் போகுது" என்று கூவிவிட்டுப் போனார். அப்பா திரும்பவில்லை.

"உங்க டேப்பு சரிதான். தப்பு எம்மேலதான். இரும்புக்கு விடுற எடத்தை உங்க வீட்டுக்கும் விட்டுட்டேன்."

"தம்பி வண்டில சொல்லிச்சு. அந்த நீட்டு ஸ்கேலு..."

"ஆமா. குச்சிய இங்கன வச்சுக் கோடு போட்டேன். என் மேசையில வேற அடியே கெடையாது. கை அங்கிட்டே போயிருச்சு." அப்பா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். வேங்கைக் கறை இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. "நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன். மூட்டைக் கழட்டிச் சரிபண்ணிக் குடுத்துர்றேன். மரத்துக்குச் சேதம் வராது. பொழுதோட பஸ் ஏறிருவேன்."

"ஏன் பஸ் ஏறணும்? நாளன்னிக்கு காத்தால நிறுத்தறம்."

அப்பா டிபன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

முனிராஜப்பா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். தள்ளுவண்டியில் வாழைப்பழம் வாங்கினார். பக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கினார். நானும் கூடப் போய் நின்றேன். திரும்பி வந்ததும்தான் அவருக்கு உறைத்தது. வைத்துக் கொடுக்கத் தட்டு இல்லை.

"தம்பி, அந்த டிபன் பாக்ஸு மூடியக் குடு."

தயிர்சாதம் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தேன். அவர் மூடியில் வெற்றிலையைப் பரப்பினார். பாக்கை வைத்தார். பழத்தை வைத்தார். மூடி சின்னது. ஒரு பழம் நழுவப் பார்த்தது, கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார். அப்படியே இரண்டு கையாலும் நீட்டினார்.

அப்பா எழுந்தார். ஆனால் வாங்கவில்லை.

"இது ஆசாரிக்குங்களா?"

"ஆசாரிக்குத் தட்டு அங்கயே வெச்சிருக்கறன். இது..."

அவர் மூடியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போயிற்று. அப்பா உள்ளங்கை இரண்டையும் பேண்டில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, மூடியை வாங்கிக்கொண்டார்.

களி

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனோம். குந்தாரப்பள்ளியில் இறங்கினோம். அப்பா அந்த மண்சாலையின் முனையில் ஒரு நிமிஷம் நின்றார். மாந்தோப்பைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "இதானா?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

தார்ப்பாய் கட்டி அதன் கீழ் வேலை செய்தார். மர ஆணிகளைத் தட்டி எடுத்து நான்கு மூட்டையும் கழற்றினார். "கொத்தனாரே, உங்க டேப்பையே குடுங்க" என்று வாங்கி, புதுக் குச்சியில் கோடு போட்டார். பழைய குச்சியை ஒடித்து ராஜம்மா டீ வைத்த அடுப்பில் செருகினார். மாங்கொத்து நடுவில் இருந்ததால் இரண்டு பக்கமும் சரிபாதி எடுக்க வேண்டியிருந்தது. அறுக்கும்போது அவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அகலத்தில் கழிந்த சீவல்கள் மெல்லியவை, வெற்றிலைக் காம்பு அளவுதான். அவற்றையும் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

மதியம் களியும் கீரைக் குழம்பும் வந்தது. அப்பா தெற்கத்தி ஆள். அந்தக் கேழ்வரகு உருண்டையைச் சோறுபோல் மென்றுகொண்டிருந்தார். வாய் ஒட்டிக்கொண்டது. பேச முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

முனிராஜப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"அய்ய, மெல்லாதீங்க சம்பந்தி! முழுங்குங்க, முழுங்குங்க!"

சம்பந்தி என்ற சொல் அன்றுதான் அவர் வாயில் வந்தது. அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா ஒரு விள்ளலைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. களி தொண்டையில் அடைத்ததுதான் காரணம் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

அன்றிரவு அப்பா அங்கேயே தங்கினார்.

நின்றது

மறுநாள் காலை மாலூர்ப் பெரியவர் டேப்பை வைத்தார். உயரம். அகலம். "சரி இதே" என்று டேப்பைச் சுருட்டினார்.

பள்ளத்தில் பால் ஊற்றினார்கள். நவதானியம் போட்டார்கள். பொன்னோ வெள்ளியோ ஒரு துண்டு போட வேண்டும். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ராஜம்மாவிடம் நீட்டினார். அம்மாவின் மெட்டி. போடலாமா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"சுமங்கலியாப் போனவங்க. போடுங்க" என்றார் ராஜம்மா. அதை வாங்கி அக்காவின் கையில் வைத்தார். அக்கா குனிந்து பள்ளத்தில் போட்டாள். அதன் மேல்தான் வாசக்கால் நின்றது.

ஆசாரிக்கான தட்டு வந்தபோது அப்பா அதைக் கொத்தனார் பக்கம் நகர்த்தினார். "வெங்கடேசுக்குக் குடுங்க. நான் பொண்ணைக் குடுத்தவன்" என்றார்.

இப்போது அந்த வீட்டில் குடி புகுந்தாகிவிட்டது. மேல்சட்டத்தின் மாங்கொத்தைப் பார்த்து, யார் செய்தது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அப்பா மாதம் ஒருமுறை போகிறார். களியை மெல்லுவதில்லை.

அந்த ஏழு நூலுக்காக அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தம் ஆயிற்று. அதை அவர் செலவாகச் சொல்வதில்லை. அழைப்புக்கு ஆன செலவு எனக்குத் தெரியும். முனிராஜப்பா தள்ளுவண்டிக்காரருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் பணம் எடுத்துக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்தான்.

நாற்பது ரூபாய். அம்மா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து போன நாட்களிலும் ஏறக்குறைய அதே விலைதான்.